இன்னும் ஒரே ஒரு தட்டைக் கார்

அன்று கொழும்பு கிராண்ட்பாஸில் நம் கார்க் கொட்டகையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஆள் மாறிவிட்டது, கதை மாறிவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. நான், பவளம். என் மகன் ரூபன். உன் மனைவி ரஜினி. ஃபைபர் வேலை செய்கிற நிஸ்தார். பிறகு நீ, என் தம்பி. மொத்தம் ஐந்து பேர். ரஜினி வீட்டிலிருந்து உளுந்து வடை கொண்டுவந்திருந்தாள். நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை மாடிக் கட்டடத்தில், கீழ் வீட்டுக்காரர் வெடித்துப்போன தண்ணீர்த் தாங்கியை ஃபைபர் வைத்து ஒட்டுவித்துக்கொண்டிருந்தார். அந்த ரெசின் மணம் படிக்கட்டு வழியே ஏறி மூன்றாம் மாடிக்கு வந்தது. நான் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் சட்டையில், தலைமயிரில், நீ குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையில்கூட இந்த மணம் இருக்கும். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். "விடு பிள்ளை, கிடக்கட்டும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஞாபகத்தில் குறைவில்லை. யார் எந்தக் கலியாண வீட்டில் எனக்குப் பின்வரிசையில் இலை போட்டார்கள் என்பதுகூட நாற்பது வருடமாக என் தலைக்குள் இருக்கிறது. நீ அதைச் சொல்லித்தான் என்னைச் சீண்டுவாய். "அக்காவின்ர தலைக்குள்ள ஒரு பொலிஸ் ஸ்டேசன் இருக்குது. ஒருத்தரையும் வெளியில விடமாட்டா." நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிறையில் ஒருநாள் உன்னையும் போடுவேன் என்று நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

உன் காரை முழுக் கிராண்ட்பாஸும் தட்டைக் கார் என்றுதான் சொன்னது. பழைய கார்களில் இருந்து எடுத்த எஞ்சினும் கியரும். மற்றதெல்லாம் உன் கை. இரும்புக் குழாய் வெட்டி நீயே ஒட்டிய சட்டம், அதன் மேல் நிஸ்தார் ஊற்றிய ஃபைபர் உடம்பு. இரண்டே இரண்டு சீட். என் இடுப்பு உயரத்துக்கு மேலே போகாது. அது போகும்போது தெருவில் படுத்திருக்கிற நாய் எழும்பி, குனிந்து பார்ப்பது போல் எனக்குத் தோன்றும். எட்டு வருடத்தில் ஏழு கார் செய்தாய். யாராவது ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி முதலாளி என்று சொன்னால் உனக்கு முகம் சிவந்துவிடும். "கம்பெனி இல்ல, நான் ஒரு தையல்காரன்" என்பாய்.

சொன்னது போலவே நடந்தாய். கார் கேட்டு வருகிறவனை முதலில் மணல் நிரப்பிய பெட்டிக்குள் இருத்துவாய். அவன் முதுகு எங்கே படிகிறது, முழங்கால் எங்கே மடிகிறது, கண் எந்த உயரத்தில் நிற்கிறது எல்லாம் அளந்து எழுதுவாய். அந்த அளவுக்கு சீட்டு. அந்த அளவுக்கு ஸ்டியரிங். வேறு ஒருவன் ஏறினால் மற்றவனின் சப்பாத்தைப் போட்டது போல இருக்கும். ஒருமுறை ஒருவன் வந்து, அளவெல்லாம் வேண்டாம், செய்து வைத்ததில் ஒன்றைத் தாருங்கள் என்றான். "செய்து வைச்சது கடையில இருக்கும், ஐயா" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாய்.

நீ வைத்திருந்த இன்னொரு வழக்கத்தையும் எழுத வேண்டும். எந்தக் காரையும் சொந்தக்காரனிடம் கொடுக்க முன்னம் கொட்டாஞ்சேனைப் பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டிப் போவாய். இடப்பக்கச் சீட்டில் நான் இருக்க வேண்டும். மடியில், சக்கரத்துக்கு அடியில் வைக்கிற தேசிக்காயும் கற்பூரமும். முதல் கார் போகும்போதே ரூபனின் மாமியார், என் சம்பந்தி பரமேஸ்வரி, என் காதில் விழும்படியாகச் சொன்னாள், தாலி இழந்தவள் புது வாகனத்தில் முன்னுக்கு இருப்பது எந்த ஊர் முறை என்று. நான் இறங்கப் பார்த்தேன். நீ கதவைச் சாத்திவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னாய், "என்ர அக்கா இருக்காத கார் ரோட்டில ஓடாது, மாமி." சத்தம் போடவில்லை. நாள் பார்க்கும் ஐயரும் அங்கே நின்றார். அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னாய். ஆறு காரில் அப்படிப் போனேன். என் புருஷன் போன பிறகு, அதுவரைக்கும் சபையில் யாரும் என்னை முன்னுக்குக் கூப்பிட்டதென்றால் அந்த ஆறு தடவைகள்தான்.

ஏழாவது கார் கிருலப்பனையில் இருக்கிற ஒரு நெட்டையனுக்குச் செய்தது. அவன் காலுக்கு இடம் வேண்டும் என்று சீட்டை இன்னும் கீழே இறக்கியிருந்தாய். அந்த வருடம் என் முழங்கால் இரண்டும் போய்விட்டது. சொன்னால் நீ கூட்டிப் போகமாட்டாயோ என்று நான் சொல்லவில்லை. ஏறுவது பெரிய வேலை இல்லை, விழுந்தால் போதும். கோயில் வாசலில் இறங்கத்தான் முடியவில்லை. ஒரு காலை வெளியே வைத்தால் மற்றக் கால் வரவில்லை. சீலை கதவில் மாட்டியது. வெள்ளிக்கிழமை, பூசை நேரம், வாசல் முழுக்கச் சனம். இரண்டு ஆம்பிளைகள் வந்து கக்கத்தில் கை கொடுத்து இழுத்தார்கள். தேசிக்காய் உருண்டு போனது. பரமேஸ்வரி படியில் நின்று சொன்னாள்:

"கூடைக்குள்ள இருந்து நண்டு எடுக்கிற மாதிரி எல்லோ கிடக்குது, சம்பந்தி."

சனம் சிரித்தது. சனம் சிரிக்கும், அது எனக்குப் பழக்கம். ஆனால் நான் உன்னைப் பார்த்தேன். நீ காரின் கூரையில் கையை ஊன்றி, குனிந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பிறகு ஓடி வந்து என் கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாய், "அடுத்த காருக்கு அக்காவைத்தான் அளக்க வேணும்."

சனம் இன்னும் ஒருமுறை சிரித்தது. நான் கையை உதறினேன். திரும்பி வர முச்சக்கர வண்டி பிடித்தேன். அந்தக் கிழமை முழுக்க உன்னோடு கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வெள்ளவத்தைக்கு வந்தாய். நான் வழக்கமாக இருந்து மரக்கறி வெட்டுகிற அந்த உயரக் கதிரையை டேப் வைத்து அளந்தாய். நான் போஞ்சி வெட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி இருந்தேன். "அக்கா, ஒருக்கா எழும்பி இருங்கோ" என்றாய். "எனக்கு வேலை கிடக்கு" என்றேன். நீ காத்திருந்தாய். நான் தேங்காய் எடுக்க எழும்பியபோது கை எங்கே ஊன்றுகிறேன் என்று பார்த்து எதையோ எழுதினாய். கதிரையின் ஆடுகிற காலைத் திருத்தப் போகிறாய் என்று நினைத்தேன். தேத்தண்ணிகூடத் தரவில்லை. என் கையால் தேத்தண்ணி குடிக்காமல் நீ அந்த வீட்டை விட்டுப் போன ஒரே நாள் அது.

அதற்கு அடுத்த கிழமைதான் கொட்டகையில் கூடினோம்.

அது வெளிநாட்டு வாகனம் இறக்கக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம். காசு இருக்கிறவனுக்கும் வாங்க வாகனம் இல்லை. உன் காரைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சனம் வந்தது, வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டது. இதே முகத்தோடு உயரமாக, நாலைந்து பேர் இருக்கிற மாதிரி ஒன்று செய்ய முடியாதா. நுகேகொடையில் இருந்து வந்த ஒரு டொக்டர் விட்டபாடில்லை. ரூபன் அதைப் பிடித்துக்கொண்டான். நமக்குள் ஒரு முறை இருந்தது, நீதான் வைத்தாய். கொட்டகை என்னுடையது, வேலை உன்னுடையது, வெளி அலுவல் ரூபனுடையது. மூன்று பேரில் இரண்டு பேர் கை தூக்கினால் அது முடிவு.

கொட்டகை நடுவில் அந்த இரும்பு மேசை. அதன் மேல்தான் நீ காரின் சட்டத்தைப் பொருத்தி ஒட்டுவாய். மேசையில் இருக்கிற முளைகள்தான் காரின் அளவு. அன்று அதைச் சுற்றித்தான் இருந்தோம்.

"மாமா, பாருங்கோ" என்றான் ரூபன். "உலகத்தில பேரெடுத்த ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியள் எல்லாம் இப்ப உயரமான வண்டி செய்யினம். முதல்ல சனம் நக்கலடிச்சது. இப்ப அந்த உயர வண்டி விக்கிறதாலதான் அவையின்ர சின்னக் கார் உயிரோட கிடக்கு."

"ஓமடா. அவை சின்னக் காரை விடேல்லையே. அவைக்கு இதுக்கு ஒரு கொட்டகை, அதுக்கு ஒரு கொட்டகை. எங்களுக்கு ஒரு மேசை. இதை வெட்டி நீட்டினால் தட்டைக் கார் முடிஞ்சுது."

"தட்டைக் காரில ரெண்டு பேர்தானே மாமா இருக்கலாம். பிள்ளை பிறந்தால் விக்க வேணும். நாரி பிடிச்சுக் குனிய ஏலாட்டி விக்க வேணும். டொக்டர் முகம் மட்டும் உங்கட காரின்ர முகமா இருக்கட்டாம் எண்டுறார்."

"நாலு பேருக்குச் செய்யிறதெண்டா நான் ஆரை அளக்கிறது? டொக்டரையோ, டொக்டரின்ர மாமியையோ?"

நிஸ்தார் சிரித்தான். அவன் உன்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான். "முகத்த ஒட்டிறது எனக்கு லேசி, நானா. ஆனா மேல முகம் ஒண்டு, கீழ வண்டி வேறயொண்டு."

நீ கொஞ்ச நேரம் மேசையில் இருந்த ஒரு முளையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய், "நான் மாட்டன் எண்டு சொல்லேல்ல. காலம் அப்பிடித்தான். உயரக் கார் செய்வம். ஆனால் அதுக்கு முன்னம் இன்னும் ஒண்டு. ஒரே ஒரு தட்டைக் கார். ஆறு மாசம் தாங்கோ. அதை முடிச்சிட்டு நானே மேசையை வெட்டுறன்."

"ஆருக்கு?" என்று கேட்டான் ரூபன். "ஓடர் ஒண்டும் இல்லையே."

நீ நிஸ்தாரைப் பார்த்தாய். நிஸ்தார் நிலத்தைப் பார்த்தான்.

"ஆறு மாசம் டொக்டர் நிக்க மாட்டார், மாமா."

"அப்ப அக்கா சொல்லட்டும்" என்றாய்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்பது ஒவ்வொரு சொல்லாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. "சனம் குடும்பத்தோட போக வேண்டாமோ? வயசு போனதுகள் ஏறி இறங்க வேண்டாமோ? சனம் கேக்கிறதைச் செய்யிறவன்தான் தொழில் செய்யிறவன். பிறகு எண்டு ஏன் இழுக்க வேணும். இப்பவே செய்யுங்கோ." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினேன்.

தம்பி, அந்த நியாயம் பிழையில்லை. இன்றைக்கும் சொல்வேன், தட்டைக் கார் செய்கிறவன் உயரக் கார் செய்யக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. காலத்தோடு மாறித்தான் தொழில் பிழைக்கும். ரூபன் சொன்னதை அவன் நம்பிச் சொன்னான். நான்தான் நம்பிச் சொல்லவில்லை. நீ கேட்ட ஆறு மாதத்தைத் தந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது, அது கை தூக்கும்போதே எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் டொக்டரும் இல்லை, தொழிலும் இல்லை. காரின் கூரையில் கையை ஊன்றிக் குனிந்து சிரிக்கிற உன் முகம்தான் இருந்தது. நீ ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறாய், அதை இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான் நினைத்தேன்.

நீ வாதாடவில்லை. "ஓம் அக்கா" என்றாய். எழும்பிப் போய் வெட்டுகிற மெசினை எடுத்து வந்து, வடைத் தட்டை ரஜினியின் கையில் கொடுத்துவிட்டு, அன்றே, எங்கள் முன்னாலேயே மேசையை நடுவில் வெட்டினாய். நாளைக்கு வெட்டலாம் என்று ரூபனே சொன்னான். "சொன்னாச் செய்ய வேணும்" என்றாய். தட்டைக் காரின் உடம்பு ஊற்றுகிற அச்சை நீயும் நிஸ்தாரும் தூக்கிப் போய் வெளிச் சுவரில் சாத்தினீர்கள். உள்ளே இடமில்லை. வெயிலிலும் மழையிலும் அது அங்கேயே நின்று கோணிப்போனது.

உயரக் கார் நன்றாகத்தான் போனது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இன்னும் மூன்று பேரை வேலைக்கு எடுத்தோம். இரண்டு வருடத்தில் ஆறு கார். டொக்டர் தன் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து உனக்குச் சால்வை போர்த்தினார். வழக்கத்தை நீ விடவில்லை, ஒவ்வொரு காரிலும் என்னை இடப்பக்கத்தில் இருத்திக் கோயிலுக்குக் கூட்டிப் போனாய். நான் பஸ்ஸில் இருந்து இறங்குவது போல லேசாக இறங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. பரமேஸ்வரி என் முகத்தைப் பார்க்க நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைத்தது.

மணல் பெட்டி மூலைக்குப் போனது. ஒருநாள் அதற்குள் பூனை குட்டி போட்டிருந்ததைப் பார்த்து, "ஏன் தம்பி, இப்ப ஆக்களை அளக்கிறதில்லையோ" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே அளவுதானே அக்கா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. நீ கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இனி எழுதுவதுதான் நான் யாருக்கும் சொல்லாதது.

மூன்றாவது உயரக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோன அன்று என் கோபம் ஆறிவிட்டது. எப்படி ஆறியது என்றால், ஐயர் தட்டோடு வந்தபோது நீ காருக்குப் பக்கத்தில் இல்லை. தட்டைக் கார் என்றால் பூசை முடியும்வரை அதன் மூக்கில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பாய், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அன்று காரின் திறப்பை ரூபனிடம் கொடுத்துவிட்டுக் குழாயடியில் போய் மெதுவாகக் கை கழுவிக்கொண்டிருந்தாய். அழுக்கு இல்லாத கை. 'தம்பி, நீ கேட்ட அந்தத் தட்டைக் காரைச் செய்' என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நேரம் பரமேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு முன்னால் நான் இறங்கி வருவதா என்று நினைத்தேன். "வெயிலாக் கிடக்கு, போவம்" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை நாள். நீ கிழமைக்கு இரண்டு தரம் வீட்டுக்கு வருவாய். நான் புட்டு அவிப்பேன், நீ சாப்பிடுவாய், விலைவாசி கதைப்போம், பெற்றோல் வரிசை கதைப்போம். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். நீ முதலில் கேட்டால் சொல்லலாம் என்று நினைப்பேன். நீ கேட்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பகல், வேலை நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ நிலத்தில் இருந்துவிட்டாய். நிஸ்தார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடினான். ஏற்றிப் போனதும் உயரக் காரில்தான். நான் வெள்ளவத்தையில் இருந்து போய்ச் சேர முன்னம் முடிந்துவிட்டது.

ஒரு வருடம் முடிந்து செய்த உன் ஆட்டைத் திவசத்துக்கு நிஸ்தார் வந்தான். சாப்பிட்டு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, சுருட்டிய பழுப்புத் தாள் ஒன்றைத் தந்தான். கொட்டகையில் உன் இரும்பு அலமாரியை ஒதுக்கும்போது எடுத்தானாம். விரித்தேன். ஒரு தட்டைக் காரின் படம், பக்கவாட்டில். வலப்பக்கச் சீட்டில் உன் அளவு எழுதியிருந்தது. அத்தனை பேரை அளந்த நீ உனக்கென்று ஒரு கார் செய்ததேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கச் சீட்டு மற்றக் கார்களைப் போல இல்லை. உயர்ந்திருந்தது. வெளிப்பக்கம் திரும்புகிற மாதிரி கீறியிருந்தாய். கதவு கூரையோடு சேர்ந்து மேலே திறந்தது. பக்கத்தில் உன் கையெழுத்து: அக்கா, தரையிலிருந்து முழங்கால் இவ்வளவு. அக்கா கை ஊன்றுகிற இடம் இது.

என் கதிரையின் அளவு, தம்பி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போஞ்சி வெட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையின் அளவு.

"இதைத்தானோ இன்னும் ஒண்டு எண்டு கேட்டவன்?" என்றேன்.

"ஓம் அக்கா."

"நீ அண்டைக்கே ஏன் வாயைத் திறக்கேல்ல?"

நிஸ்தார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "நானா செல்ல வாணாம்ண்டு செல்லிட்டாரு. 'வாயால சென்னா அக்கா நான் நக்கலடிக்கிறண்டுதான் நினைப்பா. செஞ்சி கொண்டுபோய்க் காட்டணும்'ண்டாரு. நான் என்ன செய்ய."

அன்றே ரஜினியிடம் போனேன். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். நான் கை தூக்கியது தொழிலுக்காக இல்லை, நீ கோயிலடியில் சிரித்ததற்காக என்று சொன்னேன். அவள் என்னைப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் குழாயைப் பூட்டிவிட்டு ஈரக்கையோடு திரும்பினாள்.

"அவருக்குத் தெரியும், மச்சாள்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு மேசையை வெட்டிப்போட்டு வந்து வாசல்ல கால் கழுவேக்க சொன்னவர், 'அக்காவுக்கு நான் சிரிச்ச கோவம். நான் சிரிச்சிருக்கக் கூடாது. அவவின்ர கோவம் ஆறட்டும், பிறகு கேப்பம்.' நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் மேசையைத் திரும்ப ஒட்ட ஒரு நாள் காணும் எண்டவர்." ரஜினி கையைச் சீலையில் துடைத்தாள். "உங்கட வீட்டை வந்திட்டுத் திரும்பி வரேக்க எல்லாம் நான் கேப்பன், அக்கா எப்பிடி எண்டு. 'இன்னும் ஆறேல்லப் போல' எண்டுவார். சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார், மச்சாள். அழாதேங்கோ."

நான் அழவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் இருந்துவிட்டேன். என் கோபம் ஆறட்டும் என்று நீ புட்டுக்கு முன்னால் இருந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். அது எப்போதோ ஆறிப்போய், அதைச் சொல்ல மானம் விடாமல் நான் உனக்குச் சம்பல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு வருடம். ஒரு நாள் வேலை.

இப்போது வாகனம் இறக்க விட்டுவிட்டார்கள். உயரமான வண்டி கப்பல் கப்பலாக வருகிறது, நாம் செய்ததைத் தேடி யாரும் வருவதில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் அந்தத் தட்டைக் கார் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்களாம். போன கிழமை ரூபன் என் முன்னால் வந்து இருந்து, "மாமா சொன்னதுதான் சரி. மேசையைத் திரும்பச் சின்னனாக்கட்டோ அம்மா? உங்கட கை வேணும்" என்றான். மேசையை அவனும் நிஸ்தாரும் பார்க்கட்டும், என் கையை இனிமேல் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். புது அச்சு செய்து தட்டைக் கார் செய்யட்டும், நல்லது. அந்தப் பழுப்புத் தாளில் இருக்கிற காரை மட்டும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அது இரண்டு பேருக்கு அளந்தது. வலப்பக்கத்து ஆள் இல்லை.

"ஓம் அக்கா" என்று நீ சொன்னது மட்டும் என் காதோடு இருக்கிறது. சின்ன வயதில் கடைக்குப் போகச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வாய். அதே குரல், ஒரு சொல் கூடாமல். பஸ்ஸில் போகும்போது கேட்கிறது, கோயிலில் கேட்கிறது. யாராவது என்னிடம் எதையாவது கெஞ்சிக் கேட்டால் அது எனக்கு முதலில் கேட்கிறது. போன மாதம் மருமகள் தாய்வீட்டில் இன்னும் ஒரு நாள் நிற்கவா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தவள், போய் ஒரு கிழமை நில் பிள்ளை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இனி அன்று அங்கே இருந்தவர்களுக்கு வருகிறேன். ரூபனிடம் மன்னிக்க ஒன்றுமில்லை, மனதில் இருந்ததை மனதில் இருந்தபடி சொன்னவன் அவன் ஒருவன்தான். ரஜினி என்னைப் பேசாமல் விட்டதற்காகக் கொஞ்சக் காலம் அவள் மீது கோபமாக இருந்தேன், அதுவும் போய்விட்டது. நிஸ்தாரோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு அவன் நீ சொன்னதைத்தானே காப்பாற்றினான் என்று நானே தொலைபேசி எடுத்தேன். அன்று அங்கே இல்லாத பரமேஸ்வரியின் வீட்டுக்கும் போனேன். பத்து வருடத்துக்குப் பிறகு அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன், சீனி அதிகம். நீ சிரித்தது எப்போதோ ஆறிவிட்டது, தம்பி. உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஆகவே அந்தப் பொலிஸ் ஸ்டேசனில் இருந்து எல்லாரையும் வெளியே விட்டாயிற்று. ஒருத்திதான் மிச்சம். நீ அவளைக் கடைசி வரைக்கும் மன்னித்துக்கொண்டே இருந்தாய் என்று எனக்குத் தெரியும், அது உன் குணம். நான் மன்னிக்க மாட்டேன். அவள் பெயர் பவளம்.